ஒற்றை நட்சத்திரப் படகு

சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கட்டுநாயக்க. பஸ்ஸில் சேலம் போய்ச் சேரும் நேரத்துக்குள் அங்கே இறங்கி, இமிகிரேஷன் முடித்து, ஒரு பிளேன்டீயும் குடித்துவிடலாம். இலங்கைக்குப் போன வெளிநாட்டுக்காரர்களில் 2023, 2024 இரண்டு வருடமும் இந்தியர்களே முதலிடம் என்பதில் ஆச்சரியம் இல்லை. பேக்கேஜ் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. கண்டியில் தலதா மாளிகை, நுவரெலியாவில் டீ எஸ்டேட், சீதா எலியவில் ஒரு கும்பிடு, எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்போது ஒரு போட்டோ, கடைசி இரண்டு நாள் தெற்குக் கடற்கரை. அந்தக் கடைசி இரண்டு நாளில் வரும் ஒரே ஒரு காலைப் பொழுதுதான் இங்கே விஷயம். மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கப் போகும் படகு.

முதல் நாள் சாயங்காலம் ஹோட்டல் ரிசப்ஷனில் நடக்கிற உரையாடல் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். குடும்பத் தலைவர் மூன்று கேள்வி கேட்பார்.

"தம்பி, ஆளுக்கு எவ்வளவு?"

"கண்டிப்பா தெரியுமா? தெரியலைன்னா காசு திரும்பக் கிடைக்குமா?"

"நல்லா கிட்ட போவாங்களா?"

ரிசப்ஷனில் நிற்கும் மலையகத்துப் பையன் மூன்றுக்கும் சளைக்காமல் பதில் சொல்வான். "போவாங்க சேர், நல்லா கிட்ட போவாங்க." குடும்பம் திருப்தியாகத் தூங்கப் போகும்.

கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைப் பார்த்து வாங்குகிற குடும்பம் அது. கேள்வி கேட்டதில் தப்பில்லை. தப்பு, கேட்ட மூன்று கேள்வியில் இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துப் படகு தேர்ந்தெடுக்கிறவர், அந்தத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகுகளிலேயே மிக மோசமான படகைச் சலித்தெடுத்து அதில் குடும்பத்தோடு ஏறுகிறார். மறுநாள் கடலில் நடக்கிற அலங்கோலத்துக்குப் படகோட்டியைத் திட்டுவார்கள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது மட்டும்தான் அவர். எங்கே திருப்ப வேண்டும் என்று முதல் நாள் சாயங்காலமே ரிசப்ஷனில் உத்தரவு போட்டாகிவிட்டது.

*

முதலில் அந்தத் திமிங்கலம் அங்கே என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். (திமி என்றால் பெரிய மீன். அந்தத் திமியையே விழுங்குவது திமிங்கிலம். பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. மீன் இல்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது, பாவம் :-))

'பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை' என்று இலங்கைத் தமிழர்கள் சொல்வார்கள், நாம் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை என்பது போல. அந்தத் தேவேந்திரமுனைதான் இலங்கையின் தெற்கு நுனி. மிரிஸ்ஸவில் இருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அந்த இடத்தில் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்திட்டு ரொம்பக் குறுகல். கொஞ்ச தூரம் போனதுமே கடல் சடாரென்று ஆழமாகிவிடும். பருவக்காற்று கடலைக் கலக்கி அடியில் இருக்கும் சத்தான தண்ணீரை மேலே கொண்டுவரும். சத்து வந்தால் நுண்ணுயிர், நுண்ணுயிர் வந்தால் சின்னஞ்சிறு இறால், இறால் வந்தால் நீலத் திமிங்கலம். உலகத்தின் மிகப் பெரிய மிருகம் இட்லித் துகள் சைஸில் இருக்கும் இறாலைத் தின்று வாழ்கிறது.

மற்ற கடல்களில் நீலத் திமிங்கலம் குளிர்ந்த கடலில் போய்ச் சாப்பிட்டு, குட்டி போட வெப்பமான கடலுக்கு வரும் என்பதுதான் பாடப்புத்தகம். இலங்கைக் கடலில் இருப்பவை அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. அவை வருடம் முழுக்க இந்த வெதுவெதுப்பான வட இந்தியப் பெருங்கடலிலேயே இருந்து, இங்கேயே சாப்பிட்டு, இங்கேயே குட்டி போடுகின்றன. இதைத் துரத்திப் பிடித்து உலகத்துக்குச் சொன்னவர் ஆஷா டி வோஸ் என்ற இலங்கைப் பெண் விஞ்ஞானி. 2003-ல் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது ஆறு நீலத் திமிங்கலங்கள் கூட்டமாக நிற்பதையும், பக்கத்தில் செக்கச்செவேல் என்று அவற்றின் கழிவு மிதப்பதையும் பார்த்தார். கழிவு இருக்கிறது என்றால் சாப்பாடும் இங்கேதான் நடக்கிறது! எச்சத்தைப் பார்த்து ஒரு சித்தாந்தத்தையே புரட்டிய கதை அது.

இது படகு டிக்கெட்டுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் மாதிரி தெரியலாம். இதுதான் விஷயமே. ஹவாய்த் தீவில் படகு ஏறுகிறவர்கள் பார்க்கும் கூன்முதுகுத் திமிங்கலம் அங்கே குட்டி போட வருகிறது. சாப்பிடுவது கோடையில் வடக்கே அலாஸ்கா பக்கம் போய்த்தான். மிரிஸ்ஸவில் பார்க்கும் நீலத் திமிங்கலம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைத்தவரை எழுப்பக்கூடாது என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். அதே வீட்டுக்காரர்கள்தான் ஒரு பந்திக்கு நடுவில் டீசல் என்ஜினை ஓட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள்.

திமிங்கலம் மூச்சுக்காக மேலே வரும். சில நிமிடம் மிதந்து, பல முறை தாரை பீய்ச்சி மூச்சு வாங்கி, பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும். அந்தச் சில நிமிட மூச்சுதான் கீழே போய்ச் சாப்பிடுவதற்கான முதலீடு. மேலே தங்குவது குறைந்தால் மூச்சு குறையும், மூச்சு குறைந்தால் கீழே இருக்கும் நேரம் குறையும், அப்புறம் சாப்பாடு குறையும். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் நீலத் திமிங்கலங்களைக் கவனித்து 2017-ல் வெளியான ஆய்வு இதைத்தான் சொல்கிறது: படகு நெருங்க நெருங்க இரை எடுக்கும் வாய்ப்பு குறைகிறது.  மிரிஸ்ஸவில் சீசன் உச்சத்தில் ஒரு திமிங்கலத்தைச் சுற்றிப் பத்துப் படகுக்கு மேல் நிற்கும். ஒருவர் கண்ணில் பட்டால் போதும், போனில் செய்தி பறக்கும், எல்லாப் படகும் ஒரே திசையில் திரும்பும். அது முங்கி, அடுத்து எங்கே எழும் என்று கணக்குப் போட்டு அங்கே போய் முன்னாலேயே நிற்பார்கள். வால் மேலே வரும்போது மேல்தட்டு முழுக்கக் கைதட்டும். கைதட்டல் வாங்கியது திமிங்கலம் கிளம்பிப் போகிற நொடி என்பது பல பேருக்குத் தெரியாது.

*

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2012-லேயே இலங்கை அரசு தன் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கென்று விதிமுறை போட்டுவிட்டது. குறைந்தபட்ச தூரம் நூறு மீட்டர்.

நூறு மீட்டர் என்றதும் 'அவ்வளவு தூரமா' என்று முகம் சுருங்கும். கொஞ்சம் கிரிக்கெட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு பிட்ச் ஏறக்குறைய இருபது மீட்டர். நூறு மீட்டர் என்றால் ஐந்து பிட்ச். பார்க்கப் போகும் மிருகமே ஒரு பிட்ச் நீளத்துக்கு மேல். சேப்பாக்கத்தில் ராத்திரி முழுக்க க்யூவில் நின்று டிக்கெட் வாங்கி, கேலரியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஏறக்குறைய இதே தூரத்தில் இருந்து ஆறடி கூட இல்லாத தோனியைப் பார்த்துவிட்டு 'தலைவனைப் பார்த்துட்டேன்' என்று கண் கலங்கியவர்கள் நம் ஆட்கள். யாரும் 'ரொம்பத் தூரம், காசு வேஸ்ட்' என்று சொல்லவில்லை. எண்பது பேரை வரிசையாக நிற்க வைத்தாலும் எடைக்கு எடை நிற்காத ஒரு உயிருக்கு மட்டும் நூறு மீட்டர் போதாது!

ஆனால் கடலில் அளவு நாடா பிடிக்க ஆள் இல்லை. சட்டம் புத்தகத்தில், படகு கடலில். அங்கேதான் பி.காம் படித்தவர்களுக்குப் பழக்கமான ஒரு விஷயம் உள்ளே வருகிறது.

ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு வாங்கியதற்கு அதுதான் முக்கியக் காரணம். சாரம் இவ்வளவுதான்: விற்கிறவனுக்குச் சரக்கின் தரம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது என்றால், வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல சரக்குக் கட்டுப்படியாகாது. நல்ல சரக்கு மெல்லச் சந்தையை விட்டு வெளியேறும், மிஞ்சுவது மோசமான சரக்கு. காலை ஆறு மணிக்கு மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்தில் போய் நின்று பார்த்தால் இது கண்ணுக்கு முன்னால் தெரியும். எல்லாப் படகும் இரண்டு தட்டு, எல்லாவற்றிலும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், எல்லா போர்டிலும் அதே வால் போட்டோ. நூறு மீட்டரில் என்ஜினைத் தணித்து நிறுத்துகிற படகு எது, முதுகில் ஏறுகிற மாதிரி போகிற படகு எது என்று கரையில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

ஒழுங்காகத் தள்ளி நிற்கிற படகோட்டிக்கு என்ன நடக்கும்? பக்கத்துப் படகு முன்னால் போய் நிற்கும். இவர் படகில் இருப்பவர்கள் "அவங்க மட்டும் எப்படி கிட்ட போறாங்க?" என்று கத்துவார்கள். ராத்திரி ரூமுக்குப் போய் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து ரிவ்யூ எழுதுவார்கள். அடுத்த வாரம் புக்கிங் குறையும். அவருக்கும் லீசிங் கட்ட வேண்டும், பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ் கட்ட வேண்டும். அடுத்த சீசனில் அவரும் எண்பது மீட்டர், அறுபது மீட்டர், முப்பது மீட்டர். அப்படியும் மாறாதவர் தொழிலை விட்டுப் போவார். இதில் கெட்டவன் என்று யாரையும் தனியாகக் காட்ட முடியாது. சந்தை தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

'கண்டிப்பா தெரியுமா' கேள்விக்கும் ஒரு கணக்கு உண்டு. 'இன்று தெரியாவிட்டால் நாளை இலவசம்' என்று எழுதிப் போட்ட படகுக்கு, திமிங்கலம் தெரியாத ஒவ்வொரு நாளும் முழு டிரிப் டீசல் நஷ்டம். டீசல் செலவு ஆள் கணக்கில் ஏறுவதில்லை; இருபது பேர் ஏறினாலும் அறுபது பேர் ஏறினாலும் கடலுக்குப் போய் வருகிற எண்ணெய் ஏறக்குறைய அதேதான். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் அரியர் வைத்திருப்பவருக்குக் கூடத் தெரியும், டிக்கெட் மலிவு என்றால் படகு நிறைய வேண்டும், இலவச டிரிப் என்பது படகோட்டியின் வயிற்றில் அடிக்கிற விஷயம். அந்த அடி கடைசியில் திமிங்கலத்தின் முதுகில் இறங்கும். மலிவு டிக்கெட், கட்டாயத் தரிசனம், கிட்டத்து போட்டோ. மூன்று கேள்வியும் மூன்று சாட்டை.

நியூசிலாந்தின் கைகூராவில் திமிங்கலம் தெரியாவிட்டால் எண்பது சதவீதம் காசைத் திருப்பித் தருகிறார்களே, அது மட்டும் எப்படி என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அது 1987-ல் அந்த ஊர் மாவோரி மக்கள் தொடங்கிய கம்பெனி. அங்கே படகு விட அனுமதியை அள்ளி வீசுவதில்லை. ஒரு திமிங்கலத்துக்கு முந்நூறு மீட்டருக்குள் மூன்று படகுக்கு மேல் கூடாது என்பது 1992-ல் இருந்து விதி. முண்டியடிக்க அடுத்தவன் இல்லாத இடத்தில் 'ரீஃபண்ட்' என்பது நேர்மை. முப்பது பேர் முண்டியடிக்கிற இடத்தில் அதே 'ரீஃபண்ட்' துரத்தச் சொல்லும் உத்தரவு. வார்த்தை ஒன்றுதான்.

*

அப்படியானால் அரசாங்கம்தானே பார்க்க வேண்டும், பாவப்பட்ட டூரிஸ்ட் என்ன செய்வான் என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுக்கு அதே கரையில் இன்னொரு கதை இருக்கிறது. மிரிஸ்ஸவில் இருந்து கிழக்கே, தங்காலைப் பக்கம் மாவெல்ல என்று ஒரு மீனவ ஊர். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண் எலினார் ஆஸ்ட்ரம், 1990-ல் எழுதிய தன் புகழ்பெற்ற புத்தகத்தில் இந்த ஊரையும் எடுத்துக்கொள்கிறார், தோற்ற உதாரணமாக. கரைவலை இழுக்கிற ஊர். யார் எப்போது வலை விடுவது என்று முறை வைத்திருந்தார்கள். வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சட்டமும் இருந்தது. மேலே இருந்து அரசியல் அழுத்தம் வந்து சட்டத்தை அமல்படுத்தாமல் விட்டார்கள். வலை பெருகியது, ஒவ்வொரு வலைக்கும் கிடைக்கும் முறை குறைந்தது, கடைசியில் யாருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. மீனுக்குப் பதில் திமிங்கலம், வலைக்குப் பதில் டிக்கெட் என்று மாற்றிப் போட்டுப் படித்தால் மிரிஸ்ஸ. அதே கரை, அதே கடல், சட்டம் இருந்தும் இல்லாத அதே நிலைமை. அரசாங்கம் வரட்டும் என்று காத்திருந்த ஊருக்கு என்ன ஆனது என்பது அச்சிலேயே இருக்கிறது.

இன்னொரு கட்சி, 'திமிங்கலத்தைக் கொல்வது கப்பல். படகு வெறுமனே பார்க்கத்தானே செய்கிறது' என்பவர்கள். இதில் பாதி உண்மை. உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று தேவேந்திரமுனைக்குத் தெற்கே போகிறது, சரியாகத் திமிங்கலங்கள் சாப்பிடுகிற இடத்துக்கு மேலே. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கன்டெய்னர் கப்பலின் மூக்கில் ஒரு நீலத் திமிங்கலம் செத்து மடிந்து தொங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு மூக்கில் தொங்குவது தெரியாமலே கப்பல் ஓடியிருக்கிறது. பத்து வருடம் கழித்து 2022-ல் எம்.எஸ்.சி என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் சொல்லிவிட்டது. யாரும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டாலர் எண்ணெய் எரிக்கிறது என்று கணக்குப் பார்க்கிற கன்டெய்னர் கப்பலே சுற்றிப் போகச் சம்மதிக்கிறது. லீவுக்கு வந்து, வேறு வேலையே இல்லாமல் படகில் உட்கார்ந்திருப்பவருக்கு நூறு மீட்டர் தள்ளி நிற்க மனசு வரவில்லை. மேலும், படகுகளின் தொல்லை தாங்காமல் கரையோரத்தில் இருந்து விலகும் திமிங்கலம் போவதற்கு இருக்கிற அடுத்த இடம் அந்தக் கப்பல் பாதைதான். இந்தக் கவலையை எழுப்பியவர்களில் ஆய்வாளர்களும் உண்டு, மிரிஸ்ஸ படகுக்காரர்களும் உண்டு.

இந்த உயிர்களுக்கு மனிதனிடம் பட்ட பழைய கணக்கு வேறு இருக்கிறது. 1963 முதல் 1966 வரை சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் திருட்டுத்தனமாகக் கொன்ற நீலத் திமிங்கலங்கள் 1,294. பல பத்தாண்டுக்குப் பிறகு ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயம் என்று 1979-ல் அறிவித்தார்கள். சரணாலயத்தில் இருப்பதைத்தான் டிக்கெட் போட்டு விரட்டுகிறோம்.

படகுக்காரர்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாவம். பல பேர் மீன்பிடித்தவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை சிதைந்தது. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்க, மூச்சு வந்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் மறுபடி போனது, 2020-ல் கொரோனா, 2022-ல் நாடே திவால் என்று அறிவித்து டீசலுக்கு நாள் கணக்கில் வரிசை. இத்தனை அடி வாங்கியவரிடம் போய் 'நீ ஏன் சட்டப்படி நடக்கவில்லை' என்று டூரிஸ்ட் கேட்பது வேடிக்கை. கேட்க வேண்டியது, சட்டப்படி நடப்பவருக்கு டூரிஸ்ட் ஏன் காசு தரவில்லை என்பது.

*

சரி, படகை எப்படித்தான் எடுப்பது?

முதலில் மாதம். தெற்கே மிரிஸ்ஸவில் சீசன் நவம்பரில் இருந்து ஏப்ரல். மே வந்தால் தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும். நம் ஊரில் முழுஆண்டு லீவு விடுவதே அப்போதுதான்! அந்த மாதத்தில் மிரிஸ்ஸவில் டிக்கெட் விற்கிறவர் எவராக இருந்தாலும், 'சூப்பரா இருக்கும் சேர்' என்று எத்தனை முறை சொன்னாலும், வேண்டாம். மே, ஜூன் லீவுக்காரர்களுக்குக் கிழக்கே திருகோணமலை இருக்கிறது. அந்தப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் காலம் அதுதான்.

அடுத்தது ரிவ்யூ. ஐந்து நட்சத்திர ரிவ்யூக்களைத் தொடவே வேண்டாம். 'கை நீட்டினால் தொடலாம்', 'படகுக்கு அடியிலேயே போச்சு', 'கேப்டன் விடாம துரத்திக் காட்டினார்' என்று புகழ்கிற ஒவ்வொரு வரியும் ஒப்புதல் வாக்குமூலம். நேராக ஒற்றை நட்சத்திரத்துக்குப் போங்கள். பாத்ரூம் நாறுகிறது, லைஃப் ஜாக்கெட் கிழிசல், கூட்டத்தை அடைத்துவிட்டார்கள் என்றால் அது நிஜமான புகார், அந்தப் படகைத் தள்ளிவிடலாம். 'தூரத்திலேயே நிறுத்திவிட்டான்', 'மற்ற படகெல்லாம் போனது, இவன் போகவில்லை', 'ஒரு திமிங்கலத்தைப் பத்து நிமிடம் காட்டிவிட்டுக் கிளம்பிட்டான்' என்று ஒருவர் வயிறு எரிந்து எழுதியிருந்தால், அந்தப் படகின் பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றை நட்சத்திரம், எந்த அரசாங்க அதிகாரியும் கொடுக்காத ஐ.எஸ்.ஐ முத்திரை. ஏக்கர்லாஃப் சொன்ன சிக்கலே வாங்குகிறவனுக்குத் தரம் தெரியாது என்பதுதானே? தெரிகிறது. தலைகீழாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

புக் பண்ணும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "எவ்வளவு தூரத்துல நிறுத்துவீங்க?" பதில் வருவதற்கு முன்னால் ஆள் முகத்தைப் பாருங்கள். 'நீங்க சொல்ற மாதிரி போவம்' என்றால் வேறு படகு. 'நூறு மீட்டர், சட்டம் அதுதான், கத்தினாலும் போக மாட்டோம்' என்று கொஞ்சம் முறைப்பாகச் சொன்னால் கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம், பேரம் கூட வேண்டாம். தண்ணீரில் இறங்கித் திமிங்கலத்தோடு நீந்தலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். திருகோணமலையில் இதையெல்லாம் தமிழிலேயே கேட்கலாம் என்பது இன்னொரு வசதி. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சின்ன ஃபைபர் படகுகள், ஓட்டுகிற அண்ணனுக்கு நம் பாஷை. "அண்ணே, கிட்ட போக வேண்டாம், தள்ளியே நில்லுங்க" என்று ஒரு வாடிக்கையாளர் சொல்வது அவருக்கு விநோதமாக இருக்கும். ஒரு சீசனில் நாலு பேர் சொன்னால் விநோதம் போய்விடும்.

படகே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோயில் கட்டியிருக்கும் சுவாமி மலை, கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறை. கீழே கடல் கரையை ஒட்டியே பாதாளம். அந்தப் பாறையில் இருந்தே நீலத் திமிங்கலத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். சம்பந்தர் பாடிய தலம், எப்படியும் பேக்கேஜில் இருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு உடனே செருப்பைத் தேடாமல், காற்று இல்லாத காலையாகப் பார்த்து, ஒரு பைனாகுலரோடு அரை மணி நேரம் கைப்பிடிச் சுவரோரம் உட்காரலாம். தெரிந்தால், தூரத்தில் வெள்ளையாக ஒரு தாரை எழும், சாம்பல் நீலத்தில் ஒரு முதுகு நீண்டுகொண்டே போகும். தெரியாவிட்டால் யாரும் ரீஃபண்ட் தர மாட்டார்கள். டிக்கெட்டும் இல்லை.

பி.கு: படகில்தான் போவேன் என்பவர்களுக்கு. ஆறு மணிப் படகுக்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். தேங்காய்ச் சம்பல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். அவோமின் மாத்திரையை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போய், கடலில் இறங்கிய பிறகு இல்லை, ஏறுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். மேல்தட்டில் இருந்து வாந்தி எடுத்தால் கீழ்த்தட்டில் இருப்பவர் எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை :-)